மெதடோனா, புப்ரெனோர்பினா: வன்னியில் ஆய்வு நடந்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

குடு எனப்படும் ஹெரோயினை விடுவிக்க, மெதடோன், புப்ரெனோர்பின் என்று அதே அபின் குடும்பத்து மருந்தைக் கொடுப்பதா? கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ எந்தக் கூட்டத்திலும் முதலில் எழும் கேள்வி இது. இதற்குத் தெளிவான விடை 2003இல் ஸ்டொக்ஹோமில் கிடைத்தது. ஹெரோயினுக்கு அடிமையான 40 பேருக்கும் ஒரே ஆலோசனை, ஒரே குழுச் சிகிச்சை. அவர்களில் 20 பேருக்கு ஓராண்டு முழுவதும் தினமும் 16 மி.கி. புப்ரெனோர்பின் கொடுத்தார்கள். மற்ற 20 பேருக்கு ஆறே நாளில் மருந்தைக் குறைத்து நிறுத்தி, பிறகு வெற்றுக் குளிசை. ஆண்டு முடிவில் முதல் பிரிவில் நான்கில் மூன்று பங்கினர் சிகிச்சையில் இருந்தார்கள். இரண்டாவது பிரிவில் ஒருவர்கூடச் சிகிச்சையில் மிஞ்சவில்லை, அவர்களில் நால்வர் இறந்துபோயிருந்தார்கள்.

அதனால் இங்கே ஓர் ஆய்வு தொடங்குமானால், 'உடலைச் சுத்தம் செய்து வீட்டுக்கு அனுப்பும்' பிரிவை ஒப்பீட்டுக்காக வைக்க எந்த நெறிமுறைக் குழுவும் இசையக்கூடாது. ஒப்பிட வேண்டியது மருந்தோடு மருந்தைத்தான்.

மெதடோன் முழுமையாக வேலைசெய்யும் அபின் வகை மருந்து. 1965இல் நியூயோர்க்கில் 22 பேரோடு தொடங்கிய ஆய்விலிருந்து அதிகம் சோதிக்கப்பட்டதும் அதுதான். பாணியாகக் கொடுப்பார்கள். முதல் நாள் 10 முதல் 30 மி.கி.; பலருக்கு 60 முதல் 120 மி.கி. வரை ஏற்றினால்தான் குடு மீதான தவிப்பு அடங்கும். ஆனால் ஏற்றுவதில் அவசரப்பட்டால் ஆள் போய்விடுவார். உடலிலிருந்து பாதி மருந்து வெளியேறவே பெரும்பாலும் 24 முதல் 36 மணி நேரம் பிடிக்கும். ஆகவே அதே 30 மி.கி.யைத் தினமும் கொடுத்தாலும், ஐந்தாம் நாளில் இரத்தத்தில் இருப்பது முதல் நாளைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகிவிடும். மெதடோன் மரணங்கள் முதல் இரண்டு வாரங்களில் குவிவது இதனால்தான். தொடங்குமுன் ஈ.சி.ஜி. எடுங்கள். அதில் இதயத் துடிப்பின் ஒரு கட்டத்தைக் காட்டும் கியூ.டி. இடைவெளி 500 மில்லிசெக்கனைத் தாண்டினால் இந்த மருந்து வேண்டாம். சிப்ரோபுளொக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இரத்தத்தில் மெதடோனின் அளவை உயர்த்தி கியூ.டி.யையும் நீட்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் நேர்மாறாக அளவை விழுத்தும். சில நாளில் நோயாளி வியர்த்து, கொட்டாவி விட்டு, மறுபடி குடு தேடிப் போவார்.

பாணியின் செறிவும் கவனிக்க வேண்டியது. மில்லிலீற்றருக்கு 1 மி.கி. உள்ளதும் உண்டு, 5 மி.கி.யும் உண்டு, 10 மி.கி.யும் உண்டு. ஆய்வு நடக்கும் எல்லா இடங்களிலும் ஒரே செறிவு இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் போத்தலில் ஒரு மிடறு போதும், குழந்தையின் உயிரைப் பறிக்க.

புப்ரெனோர்பின் மெதடோன்போல முழுமையாக அல்ல, ஓரளவே வேலைசெய்யும். அளவைக் கூட்டினாலும் மூச்சைத் தாழ்த்தும் விளைவு ஓர் எல்லையில் நின்றுவிடும். கசிப்போ தூக்கக் குளிசையோ நரம்பு நோவுக்கான பிரகபலினோ சேர்ந்தால் அந்த எல்லை காப்பாற்றாது. இதை நோயாளியின் வீட்டாருக்கும் சொல்லிவிட வேண்டும்.

இதில் சிக்கல் தொடக்கத்தில்தான். மூளையில் அபின் வகைகள் ஒட்டும் இடமான ஏற்பியில் இருக்கும் ஹெரோயினைத் தள்ளிவிட்டு இது உட்காரும். குடு இன்னும் உடலில் நிறைய இருக்கும்போது கொடுத்தால், ஒரு மணி நேரத்துக்குள் வாந்தியும் வயிற்றோட்டமும் எலும்பு நோவும் ஒன்றாகப் பிடிக்கும். அப்படி அகப்பட்டவர் அந்தக் கிளினிக் வாசலைத் திரும்பிப் பார்க்கமாட்டார், தன் கூட்டாளிகளையும் வரவிடமாட்டார். கடைசியாகக் குடு எடுத்து 12 மணி நேரமாவது கடக்கட்டும். நாடி, வியர்வை, கண்மணி, கொட்டாவி, மயிர்க்கூச்செறிவு எனக் குடு விலகும்போது வரும் 11 அறிகுறிகளுக்குப் புள்ளியிடும் கௌஸ் (COWS) அட்டவணையில் 8க்குக் குறையாமல், முடிந்தால் 12 வரும்வரை காத்திருங்கள். பிறகு 2 அல்லது 4 மி.கி.; ஓரிரு மணி நேரம் பார்த்து மீண்டும் அதே அளவு. அடுத்த சில நாட்களில் 8 முதல் 24 மி.கி.க்குள் நிலைநிறுத்தலாம். நாவின் கீழ் கரைய 5 முதல் 10 நிமிடம். குளிசையைச் சிறு துண்டுகளாக உடைத்துக் கொடுத்தால் விரைவில் கரையும், வாயில் மறைத்து வெளியே கொண்டுபோய் விற்பதும் குறையும்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு, 2014இல் இந்த இரு மருந்துகள் பற்றிய 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மருத்துவர் அளவை மாற்றிக்கொள்ளக்கூடிய ஆய்வுகளில் மெதடோன்தான் கூடுதல் ஆட்களைச் சிகிச்சையில் வைத்திருந்தது. நடுத்தர அல்லது உயர் அளவை நிலையாகக் கொடுத்தபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. தயங்கித் தயங்கிக் குறைவாகக் கொடுக்கும் புப்ரெனோர்பின் தோற்கும் என்றே இதை வாசிக்கிறோம்.

இனி வன்னியின் தூரம். துணுக்காயிலிருந்து மாங்குளம் வந்து, ஏ9 வீதியில் பேருந்து பிடித்து, கிளிநொச்சியில் ஒரு மிடறு பாணி குடித்துவிட்டுத் திரும்பினால் அன்றைய கூலி போய்விடும். காலபோக அறுவடையின்போது அதைத் தினமும் யார் செய்வார்? மார்கழி வெள்ளத்தில் வட்டுவாகல் பாலம் மூழ்கினால் அந்தப் பக்கத்தவர் இரண்டு மூன்று நாள் வரமுடியாது. மெதடோனில் மூன்று நாள் தவறினால் அளவைப் பாதியாக்க வேண்டும். ஐந்து நாள் தாண்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய 100 மி.கி.யை அப்படியே ஊற்றிக் கொடுத்தால் கொன்றுவிடும். புப்ரெனோர்பினில் இதற்கு வழி இருக்கிறது: நாளுக்கு 8 மி.கி. எடுப்பவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 16 மி.கி. கொடுக்கலாம். மாதம் ஒருமுறை வயிற்றுத் தோலின் கீழ் போடும் ஊசி (முதல் இரு மாதம் 300 மி.கி., பிறகு 100 மி.கி.) இன்னும் வசதி. ஆனால் அது இரத்த நாளத்துக்குள் போனால் திண்மமாகி இரத்தத்தை அடைக்கும்; நோயாளியின் கையில் ஒருபோதும் கொடுக்கக்கூடாது.

அபின் வகைகளின் வேலையை முறிக்கும் நலொக்சோன் கலந்த புப்ரெனோர்பின் குளிசை, கரைத்து ஊசியேற்றுவதைத் தடுக்க வந்தது. இலங்கையில் குடுவைப் பெரும்பாலும் ஈயத்தாளில் சூடாக்கிப் புகையாகவே இழுக்கிறார்கள். ஆகவே கண்முன் கொடுக்கும் மருந்துக்குக் கலப்பு தேவையில்லை. வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு மருந்து நால்ட்ரெக்சோன். அது அபின் வகைகளின் வேலையைத் தடுப்பது, கட்டுப்படுத்தப்பட்ட மருந்தே அல்ல. மெதடோன் போதைப்பொருள் பற்றிய ஐ.நா.வின் 1961 சமவாயத்திலும் புப்ரெனோர்பின் அதன் 1971 சமவாயத்திலும் அடங்குவதால் அவற்றுக்கு இறக்குமதி அனுமதி, இரட்டைப் பூட்டு, ஒவ்வொரு வேளைக்கும் மீதி எழுதும் பதிவேடு எல்லாம் வேண்டும். நால்ட்ரெக்சோனுக்கு அந்தப் பாடு இல்லை. அதிகாரிகள் இதை விரும்பக் காரணம் அதுதான். மலேசியாவில் 126 பேரோடு நடந்து 2008இல் வெளியான ஆய்வில் நால்ட்ரெக்சோன் குளிசையைப் புப்ரெனோர்பின் தெளிவாக வென்றது. 570 பேரைச் சேர்த்து 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மாத ஊசியான 380 மி.கி. நால்ட்ரெக்சோன் பிரிவில் 28 வீதமானோர் முதல் ஊசியையே எட்டவில்லை. புப்ரெனோர்பின் பிரிவில் மருந்தைத் தொடங்காதவர்கள் 6 வீதம். மருந்தைத் தொடங்கியவர்களை மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறையச் சமம். தொடங்குமுன் 7 முதல் 10 நாள் எந்த அபின் வகையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தடை. வன்னிக்கு இன்னொரு தடையும் உண்டு. போரில் காலிழந்தவர்கள், உடலில் எறிகணைச் சிதறல் சுமப்பவர்கள் இங்கே ஏராளம். நால்ட்ரெக்சோன் ஏறியவருக்கு நோ தாங்கமுடியாமல் வந்தாலும் வழமையான அளவு மோர்பின் வேலைசெய்யாது. மெதடோனையோ புப்ரெனோர்பினையோ நாளுக்கு மூன்று வேளையாகப் பிரித்தால் அதே மருந்து நோவையும் தணிக்கும்.

மருத்துவ ஹெரோயினையும் சொல்லியாக வேண்டும். நெதர்லாந்தில் 549 பேரோடு நடந்த ஆய்வில் புகையாக இழுப்பவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருந்தது. அதில் மெதடோன் மட்டும் எடுத்தவர்களில் 26.9 வீதமும், ஹெரோயினும் சேர்த்து எடுத்தவர்களில் 49.7 வீதமும் தேறினார்கள். ஆனால் சேர்க்கப்பட்டவர்கள் ஏற்கெனவே மெதடோன் சிகிச்சையில் இருந்தும் தேறாதவர்கள். கண்காணிப்போடு நாளுக்குப் பலமுறை வந்துபோக ஒரு நிலையமும் வேண்டும். முதல் படியே இல்லாத இடத்தில் இது இப்போதைக்கு இல்லை.

ஆக, வன்னிக்கு நாங்கள் முன்வைப்பது இது: ஆதார வைத்தியசாலைகளில் புப்ரெனோர்பின், ஈ.சி.ஜி.யும் இரவுத் தாதியும் உள்ள மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மெதடோன். ஒரே இடத்தில் இரண்டையும் ஒப்பிடுவதானால் ஒவ்வொருவருக்கும் குளிசையும் பாணியும் கொடுத்து, அதில் ஒன்று மருந்தற்றதாக இருக்கட்டும். அளவுகோல் இரண்டு: 24ஆம் வாரத்தில் சிகிச்சையில் இருக்கிறாரா, சிறுநீரில் குடுவின் தடயமான மோர்பின் உண்டா. இந்த இரு மருந்துகளும் மோர்பின் பரிசோதனைப் பட்டியில் தெரியாது, அதனால் குழப்பம் வராது. கொடைன் இருமல் பாணி மட்டும் குடுபோலக் காட்டும். தராத சிறுநீரைக் குடு உள்ளதாகவே கணக்கிட வேண்டும். ஐஸ் எனப்படும் மெதம்பெட்டமினைப் பாவிப்பவரை இதில் சேர்ப்பதில் பயனில்லை, ஐஸுக்கு இந்த மருந்துகள் எதுவும் செய்யாது.

நீதிமன்றம் அனுப்பியவர் 'சம்மதம்' என்று ஒப்பமிட்டால் அது சம்மதமாகாது. மறுத்தாலும் அதே சிகிச்சை கிடைக்கும் என்று எழுத்தில் உறுதி கொடுத்த பிறகே கேட்க வேண்டும். மறியலிலிருந்து, அதாவது சிறையிலிருந்து, வெளிவருபவருக்கு உடலின் தாங்குதிறன் விழுந்திருக்கும், பழைய அளவுக் குடுவே உயிரெடுக்கும். அவர் வீட்டில் 0.4 மி.கி. நலொக்சோன் ஊசி இருக்கட்டும், போடத் தெரிந்தவரும் இருக்கட்டும். அது 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும், மெதடோன் ஒரு நாளைக்கு மேலும் நிற்கும். கண் திறந்துவிட்டார் என்று படுக்கவிடாமல் உடனே வைத்தியசாலைக்கு ஏற்ற வேண்டும்.