டென்வர் மேட்டுநிலத்தில் ஒரு மேப்பிள் மரம்: பதினோரு ஆண்டு அனுபவம்

கொலராடோ மாநிலத்தில், டென்வருக்குக் கிழக்கே உள்ள அரோராவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,400 அடி உயரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. பிற்பகல் வெயில் நேராக விழும் மேற்குச் சன்னலுக்கு நிழல் வேண்டி, 2013 மே மாதத்தில் 2 அங்குல விட்டமுள்ள அடிமரம் கொண்ட ஒரு மேப்பிளை அங்கே நடவைத்தேன். இன்று அதன் அடிமரம் 8 அங்குலம். ஜூலை மாத மாலைகளில் சன்னல் முழுவதும் நிழலில் இருக்கிறது. இருந்தும், அதே குழியில் மறுபடி நட வேண்டியிருந்தால் இந்த வகையை நான் வாங்க மாட்டேன். வறட்சியையும் குளிரையும் இந்த மரம் தாங்கிவிட்டது. அதனால் தாங்க முடியாமல் போனது எங்கள் மண்ணைத்தான்.

நான் வாங்கியது ஆட்டம் பிளேஸ் என்ற வகை. செம்மேப்பிளும் வெள்ளி மேப்பிளும் கலந்த ஃப்ரீமன் மேப்பிள் இனத்தைச் சேர்ந்தது. 1933இல் அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் இக்கலப்பைச் செய்து பார்த்த ஆலிவர் ஃப்ரீமனின் பெயரே இனத்துக்கு வைக்கப்பட்டது. வேகமாக வளரும், இலையுதிர் காலத்தில் கனல்போல் சிவக்கும் என்பதால் இப்பகுதியின் புதிய குடியிருப்புகளில் தெருவுக்குத் தெரு இதைக் காணலாம். ஆனால் இதன் தாய்மரங்கள் இரண்டும் நாட்டின் கிழக்குப் பாதியில், மழை நிறைந்த, ஈரமான நிலத்தில் வளர்பவை. எங்களுக்கோ மழையும் உருகிய பனியும் சேர்ந்து ஆண்டுக்கு 15 அங்குலம் கிடைத்தால் பெரிது. மண்ணோ சுண்ணாம்பு கலந்த கெட்டிக் களிமண்.

முதல் மூன்று ஆண்டுகள் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2016 ஜூனில் கிளை நுனியில் இருந்த இளம் இலைகள் வெளிறத் தொடங்கின. இலையின் பரப்பு எலுமிச்சை மஞ்சளாக மாறியிருக்க, நரம்புகள் மட்டும் பச்சை மையால் வரைந்தவைபோல் தனித்துத் தெரிந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, புல்தரைக்கு நீர் தெளிக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கினேன். ஆகஸ்டுக்குள் இலை ஓரங்கள் பழுப்பாகிக் கருகின. மஞ்சள் கீழ்க்கிளைகளுக்கும் இறங்கியது.

நான் செய்தது நேர்மாறான வைத்தியம். இந்த மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் அது கரையாத வடிவில் பூட்டிக் கிடப்பதால் வேரால் உறிஞ்ச முடிவதில்லை. எப்போதும் ஈரமாக இருக்கும் களிமண்ணில் காற்று குறைந்து வேர் மேலும் பலவீனமடைவதால், நீர் கூடக்கூட நோயும் கூடும். மரத்தடியிலிருந்து ஒரு மண்கட்டியை எடுத்து அதன்மேல் சமையலறை வினிகரை ஊற்றிப் பார்த்தேன். சோடாவைத் திறந்ததுபோல் சீறி நுரைத்தது. பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிய மண்ணின் பிஎச் அளவு 7.9, அதாவது காரம் என்று வந்தது. வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனை இது. சில ரூபாய் பெறுமான வினிகர் போதும்.

கந்தகம் போட்டால் காரம் குறையும் என்று பலர் சொல்வார்கள். வினிகருக்கு நுரைக்கும் மண்ணில் அதற்குப் பலனில்லை. போடும் கந்தகம் உண்டாக்கும் அமிலத்தையெல்லாம் சுண்ணாம்பே தின்றுவிடும். சாதாரண இரும்பு உப்பும் சில நாட்களில் பூட்டிக்கொள்ளும். காரமண்ணிலும் கரைந்தே இருக்கும் இடிடிஎச்ஏ (EDDHA) என்ற வகை இரும்புச் சேர்மத்தை 2017 வசந்தத்தில் வேர்ப்பகுதியில் ஊற்றியபோது மூன்று வாரத்தில் பாதி மரம் பச்சையானது. மறுபாதி ஏன் மாறவில்லை என்பது இலைச் சோதனையில் தெரிந்தது: மாங்கனீசும் குறைவு. மேப்பிள்களில் இது அடிக்கடி நேர்வது, கண்ணுக்கு இரண்டு குறைபாடும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். அன்றிலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மரவல்லுநரை அழைத்து அடிமரத்தில் மாங்கனீசு ஊசி போட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் துளையிட்ட இடங்கள் நிரந்தரக் காயங்களாக மரத்துக்குள் நிற்கின்றன என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் இன்னொன்றும் வெளிப்பட்டது. அடிமரம் மின்கம்பம்போல் நேராக மண்ணுக்குள் இறங்கியிருந்ததைக் கவனித்துக் கையால் தோண்டினேன். வேர் விரியும் இடம் 4 அங்குலம் கீழே புதைந்திருந்தது; கட்டைவிரல் பருமனுள்ள ஒரு வேர் தண்டைக் கயிறுபோல் சுற்றி இறுக்கியிருந்தது. மரத்தை விற்றவர்களே ஆள் வைத்து நட்டுக் கொடுத்தார்கள். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த வேரை உளியால் வெட்டி எடுத்து, வேர்க்கழுத்து வெளியே தெரியும்படி மண்ணை விலக்கினேன்.

பிறகு அடிமரத்தைச் சுற்றி 6 அடிக்குப் புல்லை நீக்கி, தண்டைத் தொடாமல் 3 அங்குல மரச்சில்லு மூடாக்குப் போட்டு, தெளிப்பானை மாற்றிச் சொட்டுநீர் அமைத்தேன். நீளமான ஸ்குரூடிரைவரை மண்ணில் குத்திப் பார்ப்பேன். 6 அங்குலத்துக்கு எளிதாக இறங்கினால் அன்று தண்ணீர் இல்லை. கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை ஆழமாகப் பாய்ச்சுவது போதுமானதாக இருக்கிறது. ஊசியைவிட இந்த மாற்றமே மரத்துக்கு அதிக நன்மை செய்தது என்பது என் கணிப்பு.

குளிர்காலம் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 நவம்பரில் டென்வரில் மூன்றே நாட்களில் வெப்பநிலை இதமான 18 பாகை செல்சியசிலிருந்து மைனஸ் 25க்கு விழுந்தது. ஊரில் பல மரங்கள் பட்டுப்போயின, இது பிழைத்தது. ஆனால் இந்த உயரத்தில் பனிக்காலப் பகல் வெயில் மிகக் கூர்மையானது. மெல்லிய பட்டையின் தென்மேற்குப் பக்கம் பகலில் சூடேறி, இரவில் உறைந்து வெடித்துவிடும். அப்படி ஓர் அடி நீளத்துக்குப் பிளந்த தழும்பு இன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு சில ஆண்டுகள் நவம்பர் இறுதியில் அடிமரத்துக்கு வெள்ளைத்தாள் சுற்றி ஏப்ரலில் அவிழ்த்தேன். பனி மூடாத குளிர்மாதங்களில், வெப்பநிலை 4 பாகைக்கு மேல் உள்ள நாளில், மாதம் ஒருமுறையாவது தண்டின் ஒவ்வோர் அங்குல விட்டத்துக்கும் 10 கேலன் வீதம் நீர் விடுகிறேன். குழாயைத் திறந்து பாய்ச்சிவிட்டு மாலைக்குள் ரப்பர் குழாயை உள்ளே எடுத்து வைப்பது சலிப்பான வேலைதான். விட்டுவிட்ட ஆண்டில் உச்சிக்கிளைகள் காய்ந்தன.

2022 மே மாதக் கடைசிப் பனிப்பொழிவு, இலை முழுதும் விரிந்த நிலையில் வந்தது. நெருக்கமான கவையாக வளரும் இவ்வகையின் பலவீனம் அன்று தெரிந்தது. கவாத்து செய்யாமல் விட்டிருந்த ஒரு பெருங்கிளை கவையோடு பிளந்து விழுந்தது.

2018இல் வீட்டின் பின்புறம் தட்டாரிய மேப்பிளின் ஹாட் விங்ஸ் என்ற வகையை நட்டேன். கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் பகுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட வகை அது. 20 அடிக்கு மேல் பெரிதாக வளராது என்பதால் மேற்குச் சன்னலுக்கு அது ஈடாகாது. ஆனால் அதே களிமண், அதே தண்ணீர். ஜூலையில் கரும்பச்சை இலைகளின்மேல் சிவப்புச் சிறகு விதைகள் கொத்துக் கொத்தாக நிற்கின்றன. அதற்கு நான் இதுவரை ஒருமுறைகூட இரும்பு ஊற்றியதில்லை.