பாதி தேய்ந்த பிறகுதான் டயரின் குணம் தெரிகிறது: ஜிஆர்86 காரில் மூன்று டயர்கள்

புதிதாக மாட்டிய முதல் மாதத்தில் மோசமான டயர் என்று இந்த விலைப் பிரிவில் எதுவும் கிடையாது. பத்திரிகைகளின் ஒப்பீட்டுச் சோதனைகள் பெரும்பாலும் புது டயர்களைக் கொண்டே நடத்தப்படுகின்றன; ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவர் அதன் ஆயுளில் பெரும்பகுதியை ஓரளவு தேய்ந்த டயரின் மேல்தான் ஓட்டிக் கழிக்கிறார். ஆகவே என் டொயோட்டா ஜிஆர்86 காரில் நான் பயன்படுத்திய மூன்று டயர்களைப் பற்றி எழுதும்போது, புதிதில் அவை எப்படி இருந்தன என்பதைவிட, காடிகளின் (தரையைத் தொடும் பரப்பில் வெட்டிய பள்ளங்கள்) ஆழம் பாதியாகக் குறைந்த பின் எப்படி நடந்துகொண்டன என்பதையே முக்கியமாகக் கருதுகிறேன்.

ஜிஆர்86 என்பது 2.4 லிட்டர் பாக்ஸர் இன்ஜினும் பின்சக்கர இயக்கமும் கொண்ட, ஏறத்தாழ 1.3 டன் எடையுள்ள சிறிய ஸ்போர்ட்ஸ் கார். வார நாட்களில் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கின் நெரிசலிலும், விடுமுறை நாட்களில் காராக் நெடுஞ்சாலையிலும் உலு யாம் மலைப்பாதையிலும், எப்போதாவது செப்பாங் பந்தய ஓடுதளத்திலும் அது ஓடுகிறது. மாலை நான்கு மணிக்கு மேல் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் நாட்டில் இருக்கிறேன் என்பதை வாசிப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வறண்ட ஊரில் இருப்பவருக்கு என் தீர்ப்பு பொருந்தாமல் போகலாம்.

காரோடு வந்தது 215/40 ஆர்18 அளவிலான (215 மில்லிமீட்டர் அகலம், 18 அங்குல ரிம்) மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈரத்தில் நம்பலாம், சத்தம் குறைவு, தேய்மானமும் சீராக இருந்தது. ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும்: பிடிப்பின் எல்லை சற்று முன்னதாகவே வந்துவிடுவதால், அந்த எல்லையில் கார் எப்படி நழுவுகிறது, எப்படித் திரும்ப நிலைக்கு வருகிறது என்பதை மிதமான வேகத்திலேயே கற்றுக்கொள்ள முடிகிறது. முதல் தலைமுறை 86 காருக்கு வேண்டுமென்றே ஒல்லியான டயர் கொடுத்த சிந்தனையின் மிச்சம் இது என்று நினைக்கிறேன். பிடிப்பு கூடக்கூட இந்தக் காரின் சுவை கொஞ்சம் குறைகிறது என்பது என் கருத்து, நண்பர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

அடுத்து மாட்டியது 225/40 ஆர்18 அளவில் பைலட் ஸ்போர்ட் 4எஸ். இதன் வெளிப்பக்கத் தோளில் (தரையைத் தொடும் பரப்பின் விளிம்பில்) உலர்ந்த சாலைக்கான ரப்பர் கலவையும், உட்பக்கத்தில் ஈரத்துக்கான சிலிக்கா கலவையும் இருப்பதால், எந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும் என்பது முக்கியம். நான் போன ஒரு கடையில் ஒரு சக்கரத்தை மாற்றி மாட்டிவிட்டார்கள். பக்கச்சுவரில் 'அவுட்சைட்' என்ற எழுத்து தெரிகிறதா என்று நான்கு சக்கரங்களையும் சுற்றி வந்து பார்த்த பிறகே பணம் கொடுப்பது நல்லது. ஓட்டத்தில் முதலில் தெரிந்தது ஸ்டீயரிங்கின் கூர்மை. கையை லேசாகத் திருப்பியதுமே முன்பக்கம் சொன்ன இடத்துக்குப் போகிறது. ஆனால் இந்த டயரின் மதிப்பை நான் உணர்ந்தது ஓராண்டுக்கு மேல் ஓடி, காடி ஆழம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டருக்கு இறங்கிய பின்தான். காராக் இறக்கத்தில் கனமழையில் பிரேக் பிடிக்கும்போது, பழைய நம்பிக்கை பெரிதாகக் குறையவில்லை. நீர் தேங்கிய இடங்களில் ஸ்டீயரிங் கொஞ்சம் லேசாவதை முன்கூட்டியே கை உணர்ந்துவிடுகிறது, திடீரென்று கைவிடுவதில்லை.

மூன்றாவது, அதே அளவில் பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்ஸா ஆர்இ-71ஆர்எஸ். இது சாலையில் ஓட்ட அனுமதியுள்ள, ஆனால் ஓடுதளத்தை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட டயர். அதை அந்த இடத்தில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். செப்பாங் ஓடுதளம் 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 திருப்பங்களும் கொண்டது. கடிகாரத் திசையில் ஓடும் அத்தளத்தில் வலப்பக்கத் திருப்பங்களே மிகுதி என்பதால் இடப்பக்க முன் டயர்தான் முதலில் சாகிறது. ஐந்தாம், ஆறாம் திருப்பங்களின் நீண்ட வேக வளைவுகளில் 4எஸ் சில சுற்றுகளுக்குப் பின் சூடேறி வழுக்கத் தொடங்குகிறது, ஸ்டீயரிங்கில் செய்தி மங்குகிறது. 71ஆர்எஸ் அதே நேரத்தில்தான் விழித்துக்கொள்கிறது. பிரேக் பிடிக்கும் இடத்தை ஒவ்வொரு சுற்றிலும் தள்ளிக்கொண்டே போகலாம்.

காற்றழுத்தத்தைக் கவனிக்காவிட்டால் இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. டயரின் சூடு 5 அல்லது 6 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) ஏறுகிறது. எனவே குளிர்ந்த நிலையில் குறைத்து வைத்துக் கிளம்பி, பிட்டுக்கு (ஓடுதள ஓரத்து நிறுத்துமிடம்) திரும்பியதும் மீண்டும் அளந்து இறக்க வேண்டும். நான் பார்ப்பது தோள் விளிம்பை. பக்கச்சுவரில் தேய்மானக் குறியைக் காட்ட மிஷெலின் தன் பொம்மை மனிதனைப் பொறித்திருக்கும், மற்ற நிறுவனங்கள் பலவும் சிறு முக்கோணம் வைத்திருக்கும். உராய்ந்த தடம் அதன் முனையைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தால் டயர் அளவுக்கு மீறி மடிகிறது என்று பொருள். ஜிஆர்86 காரின் முன்சக்கரங்களில் கேம்பர் கோணம் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் அளவு) குறைவாக இருப்பதால் வெளித்தோள்தான் முதலில் போகிறது. கேம்பர் போல்ட் போட்டு, சக்கரத்தின் மேல்பக்கத்தைச் சற்று உள்ளே சாய்த்த பிறகு, தேய்மானம் அகலம் முழுவதும் பரவியது. அந்தச் சிறு செலவு ஒரு ஜோடி டயரின் ஆயுளை நீட்டுகிறது.

தேய்மான எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கத் தரக் குறியீட்டில் 4எஸ் 300, 71ஆர்எஸ் 200 என்று இருக்கிறது. டெக்சாஸ் சாலைகளில் ஏறத்தாழ 11,600 கிலோமீட்டர் ஓட்டி, ஒரு அடிப்படை டயரோடு ஒப்பிட்டு, தயாரிப்பாளரே தன் டயருக்குக் கொடுத்துக்கொள்ளும் எண் அது. ஆகவே 300 என்றால் ஒன்றரை மடங்கு ஓடும் என்று கணக்குப் போடக் கூடாது. என் காரில் இடைவெளி அதைவிடப் பெரிது. 71ஆர்எஸ் ஓடுதளத்துக்கும் போகிறது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

மழையில் இந்த வகை டயரிடம் எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் பாதி தேய்ந்த பின்தான் தெளிவாகிறது. வெறும் ஈரச் சாலையில் அதன் மிருதுவான கலவை நன்றாகவே பிடிக்கிறது. தேங்கிய நீரில்தான் நிலைமை வேறு. பெரிய ரப்பர் கட்டைகள், குறைந்த காடிகள், அவற்றிலும் ஆழம் போய்விட்டால் தண்ணீர் வெளியேற வழியில்லை. நாசா ஆய்வாளர்கள் 1960களில் விமான டயர்களுக்காக வகுத்த கணக்கின்படி, ஆழமான நீரில் வழவழப்பான டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 36 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு அது மணிக்கு 100 கிலோமீட்டர் அளவில் வருகிறது. நெடுஞ்சாலைகளில் 110 வரை அனுமதி இருப்பதை நினைத்தால், மலேசியச் சட்டம் சொல்லும் 1.6 மில்லிமீட்டர் வரை காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு டயர்களையுமே 3 மில்லிமீட்டரில் மாற்றிவிடுகிறேன்.

இப்போது 4எஸ் நிரந்தரமாகக் காரில் இருக்கிறது. 71ஆர்எஸ் தனி ரிம்களில், உறை போட்டு, வெயில் படாத மூலையில் அடுக்கியிருக்கிறது. செப்பாங் போகும் காலையில் மட்டும் மாற்றிக்கொள்கிறேன். இரண்டாவது ரிம் செட்டுக்கு ஆகும் வெள்ளி (ரிங்கிட்) அதிகம்தான், ஆனால் மிருதுவான ரப்பரை அலுவலகப் பாதையில் வீணாக்காததால் அது சில ஆண்டுகளில் ஈடாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறைகூட ஓடுதளத்துக்குப் போகாதவருக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை; அவர் 4எஸ் வாங்கினால் போதும், இன்னும் சொல்லப்போனால் காரோடு வந்த 215 அளவிலேயே தொடரலாம்.