திருவொற்றியூர் கடற்காற்றில் 202, 304, 316: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே, திருவொற்றியூரில் இருக்கும் எங்கள் வீட்டில் மூன்று கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இருக்கிறது. படிக்கட்டுக் கைப்பிடி 202, பால்கனித் தடுப்பு 304, மொட்டை மாடியில் துணி காயவைக்கும் கம்பிகளும் அவற்றின் தாங்கிகளும் 316. மூன்றும் பல மழைக்காலங்களைப் பார்த்துவிட்டன. ஆகவே கடையில் புதிதாகப் பளபளக்கும்போது தெரியாத வேறுபாடுகளை இப்போது கண்ணாலேயே காண முடிகிறது.

எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால், மேற்பரப்பில் துருவைத் தடுக்கும், சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலம் உருவாகிறது. கீறல் விழுந்தாலும் அது தானாகவே மீண்டும் மூடிக்கொள்ளும். கடற்காற்றில் வரும் குளோரைடு அயனிகள் இந்தப் படலத்தின் பலவீனமான புள்ளிகளைத் துளைத்துச் சிறு குழிகளை உண்டாக்குகின்றன. குழிக்குள் தேங்கும் நீர் அமிலமாக மாறிவிடுவதால் அங்கே படலம் திரும்ப உருவாவதில்லை. அரிப்பு உள்நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். 304-இல் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ளன. 316-இல் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்கிறது. குழி அரிப்பைத் தடுப்பதில் அதற்குத்தான் பெரிய பங்கு. 202-இல் விலையைக் குறைப்பதற்காக நிக்கலின் ஒரு பகுதிக்குப் பதில் மாங்கனீசும் நைட்ரஜனும் இருக்கின்றன.

202 பற்றிய என் தீர்ப்பு எளிது. வீட்டுக்குள் இருக்கும் படிகளில் அது இன்றும் குறையில்லாமல் இருக்கிறது. வாசலை நோக்கித் திறந்திருக்கும் கீழ்த்துண்டில் மட்டும் முதல் ஆண்டு முடிவதற்குள்ளேயே பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன.

நான் எதிர்பாராத அனுபவம் 304-இல் கிடைத்தது. மழை நேரடியாக அடிக்கும் வெளிப்பக்கம்தான் முதலில் கெடும் என்று எண்ணியிருந்தேன். அந்தப் பக்கம் இன்றும் பளபளப்பாக இருக்கிறது. சன்ஷேடுக்கு அடியில் மறைந்திருக்கும் பகுதியிலும் மேல்குழாயின் அடிப்புறத்திலும்தான் தேநீர்க் கறை போன்ற பழுப்பு படர்ந்தது. காரணம் உப்புதான். மழை கழுவாத இடத்தில் அது சேர்ந்துகொண்டே போகிறது. சோடியம் குளோரைடு சுமார் 75 சதவீத ஈரப்பதத்திலும், கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு சுமார் 33 சதவீதத்திலுமே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்குகின்றன. ஆக, மழையே இல்லாத நாளிலும் நம் ஊர் இரவுக் காற்று அந்தக் குழாயின் மேல் அடர்ந்த உப்புநீரைப் பூசிவிடுகிறது. தொழிற்சாலைப் புகையிலுள்ள சல்ஃபர் டை ஆக்சைடும் அந்த ஈரத்தில் கரைந்தால் அரிப்பு இன்னும் விரைவுபடும். எண்ணூரும் மணலியும் பக்கத்தில் இருக்கும்போது இதைத் தள்ளிவிட முடியாது. மாதத்துக்கு இருமுறை நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்கத் தொடங்கிய பின், புதிய கறை மிகவும் குறைந்துவிட்டது.

வெல்டிங் மூட்டுகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வெப்பத்தில் தோன்றும் நீலமும் வைக்கோல் நிறமும் வெறும் கறையல்ல. அதற்கு அடியில் குரோமியம் குறைந்த மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. அதை பிக்கிளிங் பேஸ்ட் என்ற அமிலப் பசை போட்டு நீக்க வேண்டும். பல பட்டறைகளில் மேலோட்டமாக பஃபிங் செய்து முடித்துவிடுகிறார்கள். அதைவிட மோசம், எம்.எஸ். எனப்படும் சாதாரண இரும்பைத் தேய்த்த அதே கிரைண்டிங் வீலை இதற்கும் பயன்படுத்துவது. இரும்புத் துகள் பரப்பில் பதிந்து சில வாரங்களிலேயே துரு தெரியும். பட்டறைக்காரர் கிரேடில் ஏமாற்றிவிட்டதாக நினைத்து வீட்டுக்காரர் சண்டைக்குப் போவார். எங்கள் பால்கனியின் ஒரு மூலையில் இருந்த துருவும் இவ்வகைதான். சுத்தம் செய்த பிறகு அங்கே குழி எதுவும் இல்லை.

கடையில் காந்தத்தை ஒட்டிப் பார்த்து 304 என்று உறுதி சொல்வதை நம்ப வேண்டாம். 202-உம் ஆஸ்டனைட் எனப்படும், காந்தம் ஈர்க்காத படிகக் கட்டமைப்பு கொண்டது என்பதால் அதிலும் காந்தம் ஒட்டாது. அதே சமயம், சூடாக்காமல் வளைத்த 304-இன் வளைவில் கட்டமைப்பின் ஒரு பகுதி, காந்தம் ஈர்க்கும் மார்டென்சைட்டாக மாறிவிடுவதால் அங்கே லேசான ஈர்ப்பு இருக்கும். 316-ஐப் பிரித்தறிய மாலிப்டினத்தைக் காட்டும் சோதனைத் திரவம் உண்டு. பில்லில் கிரேடை எழுதி வாங்குவது அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது.

316 கம்பிகளில் இதுவரை ஒரு புள்ளியும் இல்லை. ஆனால் பொருத்த வந்தவர் அந்தத் தாங்கிகளில் துத்தநாகம் பூசிய சாதாரண போல்ட்டுகளைப் போட்டுவிட்டார். ஈரத்தில் இரு உலோகங்களும் மின்கலம் போலாகி, அகன்ற ஸ்டெயின்லெஸ் பரப்பு அரிக்கப்படாத கேத்தோடாகவும் சின்ன போல்ட் அரிக்கப்படும் ஆனோடாகவும் மாறியதால், துத்தநாகம் கரைந்த பின் போல்ட்தலைகள் உப்பி உதிர்ந்தன. இப்போது அங்கே 316 போல்ட்டுகளே இருக்கின்றன.

டைல்ஸ் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் இந்தக் குழாய்களின் அருகே கொண்டுபோகாதீர்கள். இரண்டிலும் வேலை செய்வது குளோரின் சார்ந்த பொருளே. இரும்பு நார் போட்டுத் தேய்ப்பதும் கூடாது. வாசல் பக்கத்து 202 துண்டை 304-க்கு மாற்றப் போகிறேன். உள்படிகளில் இருப்பது அப்படியே இருக்கும். பால்கனியைப் புதிதாகப் போடுவதாக இருந்தால், சன்ஷேடுக்கு அடியில் வரும் பகுதிக்கு மட்டும் 316-க்கான கூடுதல் விலையைக் கொடுப்பேன்.