மனம் சரியில்லையா? அமுக்கராவா, செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டா?

படுத்தும் தூக்கம் வராமல் மனம் ஓடிக்கொண்டே இருப்பது ஒன்று. எதிலும் பிடிப்பில்லாமல் நாள்கணக்கில் சோர்ந்து கிடப்பது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே மூலிகையைத் தேடுவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதல் வகைக்கு என் தேர்வு அமுக்கரா. வடமொழியில் அஸ்வகந்தா, அதாவது குதிரை வாடை. வேரை முறித்து முகர்ந்தால் பெயர்க்காரணம் விளங்கிவிடும். தாவரப் பெயரில் வரும் ‘சோம்னிஃபெரா’வுக்குத் தூக்கம் தருவது என்று பொருள். வேரின் சாரத்தை நாளுக்கு 300 முதல் 600 மில்லிகிராம் வரை, 8 வாரம் போலக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பதற்றம் தணிந்தது, மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனும் குறைந்தது. ஆனால் அவை சிறிய ஆய்வுகள். உடனே பலன் கேட்பவர்களுக்கு இது ஒத்துவராது. தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. அரிதாகக் கல்லீரலும் பாதிக்கப்பட்டிருக்கிறது. கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது.

இரண்டாவது வகைக்குப் பேசப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் ஐரோப்பியரின் பழைய மருந்து. மஞ்சள் பூ. இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஊசியால் குத்தியதுபோல் புள்ளிகள் தெரியும். மொட்டை நசுக்கினால் விரலெல்லாம் சிவப்பு. சான்று என்று பார்த்தால் அமுக்கரா இதன் பக்கத்தில் நிற்காது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2008 அலசல் 29 ஆய்வுகளை, 5,489 நோயாளிகளைக் கணக்கில் எடுத்தது. மிதமான மனச்சோர்வில் இது வெற்று மாத்திரையை மிஞ்சியது, வழக்கமான மருந்துகளுக்கு ஈடாகவும் இருந்தது.

அப்படியிருந்தும் யாருக்கும் இதை நான் சட்டென்று சொல்ல மாட்டேன். இதிலுள்ள ஹைப்பர்ஃபோரின், மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுகிறது. கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், மாற்று உறுப்பைக் காக்கும் சைக்ளோஸ்போரின் எல்லாம் வேலை செய்யும் முன்பே உடலைவிட்டுப் போய்விடுகின்றன. மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் மூளையில் சேதி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் எல்லை மீறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்பதுதான் இங்கே முதல் கேள்வி.

சீமைச் சாமந்தித் தேநீர் லேசான படபடப்புக்குப் போதும். சாமந்திக் குடும்பப் பூக்கள் ஒவ்வாதவர்கள் மட்டும் தொட வேண்டாம்.

எதை எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மூலிகைதானே என்று பலர் சொல்லாமல் விடுகிறார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் அது பெரிய வில்லங்கம். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் இவை எதையும் நம்பி உட்கார வேண்டாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.