பழைய சுவரை ஒட்டி அறை எடுக்கிறீர்களா? நான்கு அஸ்திவாரங்கள், ஒரு ஒப்பீடு

வீட்டோடு ஓர் அறை சேர்த்து எடுக்கும்போது பேச்சு பெரும்பாலும் டைல்ஸிலும் ஜன்னலிலும்தான் சுற்றும். அஸ்திவாரம் என்று கேட்டால், "பழசு எப்படி இருக்கோ அப்படியே போட்டுடலாம் சார்" என்பார் கொத்தனார். அந்தப் பதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் விரிசல் வருகிறது.

பழைய வீடு தன் பாரத்துக்கு அமுங்க வேண்டிய அளவு ஏற்கெனவே அமுங்கியிருக்கும். புது அறை இனிமேல்தான் அமுங்கப் போகிறது. மணல் பாங்கான மண் என்றால் இறக்கத்தில் பெரும்பகுதி கட்டி முடிப்பதற்குள் நடந்துவிடும். ஈரக் களிமண்ணில் உள்ளே இருக்கும் நீர் மெல்ல வெளியேறியாக வேண்டும் என்பதால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பொறியாளர்கள் ஸ்கெம்ப்டனும் மெக்டொனால்டும் 1956-ல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் உள்ளது: பக்கத்துப் பக்கத்துத் தூண்களின் இறக்க வித்தியாசம் அவற்றின் இடைவெளியில் 300-ல் ஒரு பங்கைத் தொட்டால் சுவரில் விரிசல் விடலாம், 150-ல் ஒரு பங்கானால் தூணும் பீமுமே சேதமாகலாம். 3 மீட்டர் இடைவெளிக்கு முதல் வரம்பு 10 மி.மீ. பழைய சுவரும் புதுச் சுவரும் முட்டுகிற கோட்டில் இடைவெளியே கிடையாது. அங்கே ஓரிரு மி.மீ. நகர்ந்தாலே பூச்சில் கோடு விழுந்துவிடும்.

சுவர் நெடுகப் போடும் தொடர் அஸ்திவாரம்தான் இருப்பதில் எளிது. பழைய வீடும் அதே மாதிரி, மண்ணும் கெட்டி, எடுப்பது தரைத்தள அறை மட்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் வாணம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் முன் பழைய வீட்டின் மூலையில் ஒரு சோதனைக் குழி எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய கடைக்கால் எந்த ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது, எவ்வளவு அகலம், கல்லா செங்கல்லா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அதன் அடிமட்டத்துக்குக் கீழே ஒரே மூச்சில் நீளமாகத் தோண்டினால், பழைய சுவர் நிற்கிற மண்ணே குழிக்குள் சரியும். ஆழமாகப் போயே தீர வேண்டும் என்றால் 1 மீட்டர் அளவிலான துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்று தோண்டி, ஒவ்வொன்றிலும் கான்கிரீட் நிரப்பி இறுகிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். ஜேசிபியை உள்ளே விடுகிற வேலை அல்ல இது.

ஒவ்வொரு தூணுக்கும் அடியில் தனித்தனி ஃபுட்டிங் (அகலமான கான்கிரீட் பாதம்) போட்டு, தூண் எழுப்பி, தரைமட்டத்தில் ஓடும் பிளிந்த் பீமால் கட்டுவது இப்போது எல்லோருக்கும் பிடித்த முறை. மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் இதற்குத்தான் என் ஓட்டு. சிக்கல் பழைய சுவரை ஒட்டிய வரிசையில் வருகிறது. பழைய கடைக்கால் சுவரைவிட அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வரைபடத்தில் அது தெரியாது. குழி வெட்டியதும் கல் குறுக்கே நிற்கும். அப்போது மேஸ்திரி செய்வது, ஃபுட்டிங்கின் ஒரு பக்கத்தை வெட்டிச் சிறிதாக்கி, தூணை ஓரத்தில் நிறுத்துவது. பாரம் நடுவில் இறங்காமல் ஒரு பக்கமாக இறங்கும், ஃபுட்டிங் சாயப் பார்க்கும். இன்னொன்றும் உண்டு: ஃபுட்டிங்கின் அழுத்தம் கீழே விரிந்துகொண்டே போகும். 2 மீட்டர் இறங்கினால் பக்கத்துக்கு 1 மீட்டர் விரியும் என்பது தோராயக் கணக்கு. அப்படி விரிந்து பழைய அஸ்திவாரத்துக்கு அடியில் நுழைந்தால், ஓய்ந்து நின்ற பழைய சுவர் மறுபடி அமுங்கும். தூண் வரிசையைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, மிச்ச தூரத்தைத் தாங்கு பீமாக, அதாவது ஒரு முனையில் மட்டும் பிடிமானம் உள்ள பீமாக, நீட்டிக்கொள்வது நல்ல வழி. முடியாவிட்டால் ஓரத்துத் தூணையும் உள்தூணையும் ஒரே பீமால் பிணைக்க வேண்டும். இரண்டுக்குமே கம்பிக் கணக்கு வேண்டும். கண் மதிப்பில் போடக் கூடாது.

ராஃப்ட், அதாவது அறை முழுக்க ஒரே கான்கிரீட் பலகை, நிரப்பு மண்ணுக்கும் பலமில்லாத மண்ணுக்கும் ஏற்றது. ஆழத் தோண்ட வேண்டாம், பழைய சுவருக்குத் தொல்லை குறைவு. ஆனால் கழிவுநீர்க் குழாய்களை முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஒரு சின்ன அறைக்கு இது கொஞ்சம் ஆடம்பரம் என்றே எனக்குப் படுகிறது.

ஈரத்தில் உப்பி வெயிலில் வெடிக்கும் கரிசல் மண் என்றால் கதை வேறு. அங்கே மண்ணில் துளையிட்டு இறக்கும் பைல், அதாவது ஆழமான கான்கிரீட் தண்டுதான், அதிலும் அடியில் குமிழ் வைத்தது. குமிழின் விட்டம் தண்டின் விட்டத்தைப் போல சுமார் 2.5 மடங்கு இருக்கும்; பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் மேல்மண்ணைத் தாண்டி, அசையாத மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பழைய வீடு பைல் இல்லாமல் ஆழமற்ற அஸ்திவாரத்தில் நின்றால், மழைக்கு மழை அது ஏறி இறங்கும், புது அறை அசையாது.

அதனால்தான், எந்த அஸ்திவாரம் என்பதைவிட இரண்டையும் இணைப்பதா பிரிப்பதா என்ற கேள்வியை நான் முன்னால் வைக்கிறேன். பழைய சுவரில் துளை போட்டுக் கம்பி நட்டு ஒட்டினால் உறுதி என்று நினைக்கிறோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மண், ஒரே ஆழம், ஒரே பாரம் என்றால் மட்டுமே அது சரி. மற்றபடி 20, 25 மி.மீ. இடைவெளி விட்டு, அமுங்கக்கூடிய பலகையோ ஃபோமோ வைத்து, வெளிமுகத்தில் இழுபடும் சீலன்ட் பூசி, மேலே ஒரு பக்கம் மட்டும் பொருத்திய தகடால் மூட வேண்டும். இடைவெளி அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை தொடர வேண்டும். பூச்சு வேலைக்காரர் "ஓட்டையா இருக்கே" என்று சிமென்ட் கலவையால் அடைத்துவிட்டால் அத்தனையும் வீண். அந்த நாளில் பக்கத்தில் நிற்பது நல்லது.

பின்னாளில் மாடி எடுப்பதாக இருந்தால் இப்போதே இன்ஜினியரிடம் சொல்லிவிடுங்கள். ஃபுட்டிங் அளவு அதற்கேற்ப மாறும். மாடிப் பாரம் ஏறும்போது புதுப் பகுதி இன்னொரு தடவை அமுங்கும், அப்போதும் இதே இடைவெளிதான் பழைய சுவரைக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.