ரோமில் அணியோடு ஊர் சுற்ற 1,760 யூரோ கட்டி ஏமாந்தோம்: குழுவாகப் போகிறவர்கள் கவனம்

போட்டி முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. 18 வயதுக்கு உட்பட்ட வீரர்கள் 18 பேர், பெரியவர்கள் 4 பேர். காலையில் கொலோசியம், மாலை 3 மணிக்கு வாடிகன் அருங்காட்சியகம், பேருந்து, வழிகாட்டி எல்லாம் சேர்த்து 1,760 யூரோ. பணம் வாங்கியது சுற்றுலா டிக்கெட் விற்கும் ஓர் இணையதளம். கொலோசியத்தின் வாசலைத் தாண்ட முடியவில்லை.

நம்ப வைத்த விதத்தைக் கேளுங்கள். முதலில் 440 யூரோ, தளத்திலேயே கார்டில். பிறகு குழு ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்தார். எல்லோருடைய பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, பிறந்த தேதியோடு கேட்டார். 2023 அக்டோபரிலிருந்து கொலோசியம் டிக்கெட்டில் பெயர் இருக்கும். வாசலில் அடையாள ஆவணத்தோடு ஒப்பிடுவார்கள். விவரம் தெரிந்தவர்தான் இதைக் கேட்பார். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு, "குழுத் தள்ளுபடி வேண்டுமென்றால் மீதியை வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்றார். 1,320 யூரோ போனது.

வந்தது டிக்கெட் இல்லை, வவுச்சர். 'குழு, 22 பேர்' என்று ஒரே வரி. ஒரு பெயரும் இல்லை. வாசலில் ஸ்கேன் ஆகவில்லை. போன் செய்தால் வழிகாட்டி மெட்ரோ வாசலில் நிற்கிறாராம். அங்கே போனால், கான்ஸ்டன்டைன் வளைவுக்குப் பக்கத்தில் இருக்கிறாராம். அங்கேயும் ஆளில்லை. கடைசியில், "நேரத்துக்கு வரவில்லை, பணம் திரும்பாது" என்றார்கள். பேருந்தும் வரவே இல்லை. பெரிய பைகளை கொலோசியத்துக்குள் விடமாட்டார்கள், வைத்துவிட்டுப் போக அறையும் கிடையாது. ஷூவும் ஜெர்சியும் திணித்த கிட்பேக்கோடு பசங்க வெயிலில் நின்றார்கள். அதை மட்டும் மன்னிக்கவே முடியாது.

அவர்கள் விற்ற திட்டமே ஒரு பொய். வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பார்கள்; அன்றும் மதியம் 12.30-க்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். பிறகு எங்கிருந்து வந்தது 3 மணி டிக்கெட்? கொலோசியத்திலோ 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே இல்லை, முன்பதிவு மட்டும் செய்ய வேண்டும். பெரியவருக்கு சாதாரண டிக்கெட் 18 யூரோ என்றால் நான்கு பேருக்கு 72. இவர்கள் ஒவ்வொரு பையன் தலைக்கும் 80 யூரோ வாங்கியிருக்கிறார்கள்!

புகார் செய்தால் தளம், "டிக்கெட் கொடுப்பது உள்ளூர் நிறுவனம்" என்கிறது. அந்த நிறுவனம், "தளத்தைக் கேளுங்கள்" என்கிறது. பத்து வேலை நாள் பொறுங்கள் என்றார்கள். பிறகு அடுத்த பயணத்துக்குக் கூப்பன் தருகிறார்களாம். 1,760 யூரோவுக்குக் கூப்பன்! கார்டில் கட்டிய 440-ஐத் திருப்பிக் கேட்டு கார்டு வங்கியில் புகார் கொடுத்தாயிற்று. 1,320-க்கு வங்கி கைவிரித்துவிட்டது.

எல்லாவற்றையும் விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. இதை மட்டும் பாருங்கள்: கொலோசியம், வாடிகன் டிக்கெட்டை அவர்களுடைய அதிகாரபூர்வ தளத்திலேயே எடுங்கள். தளத்துக்கு வெளியே வங்கிக் கணக்குக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். ஒவ்வொருவர் பெயரும் அச்சான டிக்கெட் கைக்கு வராமல் மீதிப் பணம் கட்டாதீர்கள். வாடிகனுக்கு கையில்லாத ஜெர்சி, முட்டி தெரியும் ஷார்ட்ஸ் ஆகாது. சுற்றுலாப் பேருந்து ரோம் நகருக்குள் நுழைய அனுமதி வாங்க வேண்டும். வண்டி எண்ணோடு அந்த அனுமதியின் நகலை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.