கட்டுரைக்குக் கரு தேடிய இரண்டு நாள்: சேலத்தில் ஒரு பயிலரங்கு

பிளஸ் டூ படிக்கும் என் மகள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க விரும்புகிறாள். பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் பொதுவான 'காமன் ஆப்' என்ற இணைய விண்ணப்பம் கேட்கும் 650 சொற்களுக்கு மிகாத கட்டுரையில் தன்னைப் பற்றி எதை எழுதுவது என்று தெரியாமல் கோடை விடுமுறை முழுவதும் தவித்தாள். அதனால் அஸ்தம்பட்டியில் ஒரு வழிகாட்டி நிலையம் நடத்திய இரண்டு நாள் பயிலரங்கில் அவளைச் சேர்த்தோம்.

முதல் நாள் தலைப்பு என்ற பேச்சையே பயிற்றுநர் எடுக்கவில்லை. விண்ணப்பத்தில் உள்ள ஏழு கேள்விகளையும் அவர் மறுநாள்தான் காட்டினார். ஏழாவது கேள்வி விரும்பிய பொருளில் எழுத இடம் தருவதால், கரு கிடைத்த பிறகு கேள்வியைத் தேர்ந்துகொள்ளலாம் என்பது அவர் விளக்கம். முதல் நாள் அதற்குப் பதிலாக, வீட்டில் அன்றாடம் நடப்பவற்றைக் கால் மணி நேரம் பேனாவை எடுக்காமல் எழுதச் சொன்னார். பேச்சுப்போட்டிப் பரிசு, மரம் நட்டது என்று தொடங்கிய என் மகளிடம், "இதை உன் வகுப்பில் வேறு யாரும் எழுத முடியாதா?" என்று மட்டும் கேட்டாராம். பக்கத்தின் அடியில்தான் அந்த வரி வந்திருக்கிறது: செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறையில் அப்பத்தா மாலைதோறும் தரையைக் கூட்டி, அந்தக் குப்பையைக் கொட்டாமல் தகர டப்பாவில் சேர்த்துவைப்பது. அராவும்போது உதிர்ந்த வெள்ளித்தூள் அதில் இருக்கிறது. சேர்ந்த பிறகு உருக்கிப் பிரித்தெடுப்பார்கள். பதினேழு வருடமாக அதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு அது எழுதத் தக்கது என்று தோன்றியதே இல்லை. அதைத் தோன்றச் செய்ததற்காகவே கொடுத்த கட்டணம் தகும் என்பேன்.

இரண்டாம் நாள் அவ்வளவு நிறைவாக இல்லை. பதினெட்டு மாணவர்களுக்கு ஒரே பயிற்றுநர் என்பதால் தனியாகப் பேச ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களே கிடைத்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகம் எட்டுக் கேள்விகள் தந்து, நான்கைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் விடை கேட்கிறது. அதைக் கடைசி அரை மணி நேரத்தில் அவசரமாக முடித்தார்கள். மாதிரிக் கட்டுரைகள் அனைத்தும் அமெரிக்கப் பிள்ளைகளுடையவை. அவற்றைப் படித்த பிறகு என் மகள் கொலுசுப் பட்டறையைப் பற்றி எழுதுவதை விட்டுவிடலாமா என்று யோசித்தது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துப் பிள்ளையோ ஜவ்வரிசி ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளையோ எழுதியது ஒன்றாவது அந்தத் தொகுப்பில் இருந்திருக்க வேண்டும்.

காமன் ஆப்பின் புதிய விண்ணப்பம் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும் என்பதால், சேருபவர்கள் ஜூன் மாதத்திலேயே சேர்வது நல்லது. முதல் நாளுக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள்.